பேச்சிக்கு இரண்டு, எனக்கு ஒன்று

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து சக்திகுமார் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். போன மாதம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதானாம். பயமில்லை, ஒன்றே போதும் என்றார் டாக்டர்.

பயத்தைவிட எனக்குப் பொறாமைதான் வந்தது அம்மா. நானும் பேச்சிராஜாவும் உங்கள் வயிற்றில் இரட்டையாகக் கிடந்தவர்கள். நாகலாபுரத்தில் உழுகிற காடும் நீங்களும் அவனுக்குக் கிடைத்தீர்கள். இதிலுமா என் பங்கை எடுத்துக்கொண்டான் என்று புழுங்கினேன். அவனையும் கோவில்பட்டிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அவனுக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டும் நன்றாக இருக்கிறதாம். அதன்பிறகு இரண்டு நாள் அவன் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்ததும், "ஏலே, அதுல ஒண்ணு உனக்குத்தாம்ல. எப்ப வேணும்னாலும் கேளு, தாரேன்," என்றான். மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

லீவில் வரும் அழகிரிசாமி அண்ணாச்சியிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது நீங்கள் இடித்த பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். அண்ணாச்சி கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். பேச்சிக்கு எடுத்து வைப்பதைவிட எனக்கு ஒரு பிடியாவது கூட இருக்கட்டும்.

உங்கள் மகன்,
சக்தி