வைக்கோல் கணுவில் ஒரு சிவப்புப் புள்ளி

இன்று காலை ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் கையைத் துடைத்தார். என் கண் கலங்கியதைப் பார்த்து, "வலிக்குதா சார்?" என்றார். ஊசி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

எழுபதுகளில், செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தில், உன் சட்டையிலும் என் சட்டையிலும் இருந்த வாசனை அது. வைக்கோலை விறைப்பாக வைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். மூடிய கலனில் ஸ்பிரிட் ஊற்றி வேகவைத்து அதைக் கரைத்துவிட்டால், மிஞ்சும் நாரில் காகிதம் செய்யலாம். கணுதான் கடைசியில் வேகும், அதுவரை விரலுக்கு விறைப்பாகவே இருக்கும். மதுவிலக்குக் காலம், ஜில்லாவில் பயமில்லாமல் குடித்தது நம் வைக்கோல் மட்டும்தான். "மாட்டுக்குத் தெரிஞ்சா பேஜாரு மச்சான்" என்பாய்.

இருவருக்கும் தற்காலிக வேலை. கலன் உன் பொறுப்பு, நேரம் என் பொறுப்பு.

மேலதிகாரி பார்வையிட வருவதற்கு முதல் நாள் மாலை, கலனை இறக்கச் சொன்னேன்.

"இன்னும் ஒரு மணி நேரம் வேவணும் மச்சான். கணு அப்டியே கீது."

"அவரு இன்னா கணுவையா தேடப்போறாரு? எறக்கு."

எனக்கு மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே பெண் பார்க்கப் போகிறேன்.

மறுநாள் அவர் கணுவைத்தான் தேடினார். சோதனைத் துளி பட்ட இடம் சிவந்தால் லிக்னின் போகவில்லை என்று பொருள். வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்தது.

"யாருய்யா இதைப் பாதியில எறக்கினது?"

நான் தரையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, காலையில் நீ கழுவியது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "நான்தான் சார்" என்றாய்.

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். சைக்கிளை எடுக்கும்போது சொன்னாய்: "கல்யாணம் கட்டப்போறவன் நீ. எனக்கு கோவளத்துல கடல் கீது."

இருந்தது. அந்த ஐப்பசியில் உன் கட்டுமரம் மட்டும் முட்டுக்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியது.

"வேலைய வுட்டு ஏன் நின்னான்னு உனக்காச்சும் தெரியுமா நைனா?" என்று உன் அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். எனக்குக் காபி கொடுத்தாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை வைக்கோல் வேகவைத்தேன். காகிதம் வரவில்லை, பதவி உயர்வு தவறாமல் வந்தது.

அந்தக் கணுவை ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தேன். ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு முழுதும் வெளுத்துவிட்டது. இனி எந்த அதிகாரி பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. விரலால் அழுத்தினேன்.

கணு அப்டியே கீது, மச்சான்.