எத்தனை நாளைக்கு ஒரு பாடு

பழவேற்காடு
11.8.1984

அன்பு மகள் மஸூதாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்து மூட்டுவலி பற்றிய உன் கட்டுரையை இதுவரை முப்பத்தெட்டுப் பேர் மேற்கோள் காட்டியிருப்பதாகவும், டிசம்பரில் பேராசிரியர் பதவிக்கு அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். உம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். நான் மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

போன மாதம் குப்பத்துக்கு மருந்து கொடுக்க வந்தவர்கள், ஆளுக்கு மூன்று நாளைக்கு ஒரு மாத்திரை என்று எண்ணிக் கொடுத்தார்கள். மீன்பிடிக்கும் ராஜவேலுவின் மனைவி பச்சையம்மா, அவருக்குத் தினமும் வலிக்கிறது என்று கேட்டதற்கு, உங்கள் ஜனத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வலி வரும் என்று ஆராய்ச்சியில் இருக்கிறது என்றார்களாம். அவள் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். “இன்னா சார், மீனுக்குத்தான் பாடுனு இருந்தோம், எங்க வலிக்கும் பாடு பிரிச்சி வுட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ராஜவேலு இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அவள் போன பிறகு, உன் ஆராய்ச்சிக்காக நான் குப்பத்தில் கேட்டு நிரப்பிய பழைய படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நீ “உபாதை எத்தனை நாளைக்கு ஒருமுறை?” என்று எழுதி அனுப்பியிருந்தாய். அது அவர்களுக்குப் புரியாது என்று நான்தான் “எத்தனை நாளைக்கு ஒரு பாடு?” என்று மாற்றினேன். கஷ்டம் என்ற பொருளில் எழுதினேன். குப்பத்தில் பாடு என்றால் ஏரியில் வலை போடக் கிடைக்கும் முறைநாள். மூன்று குழுவுக்கும் குழுவுக்கொரு நாளாகச் சுற்றி வரும். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் மூன்று நாளைக்கு ஒன்று என்றார்கள். எத்தனை ஒற்றுமையான பதில் என்று சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சொல்தான். பேனா பிடித்த நேரத்தில் உறைக்கவில்லை.

வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதிவிட்டால், பின்னால் இருக்கும் முப்பது சிலேட்டிலும் அதுவே இருக்கும். முப்பது பேர் எழுதியதால் அது ஐம்பத்தாறு ஆகிவிடாது. உன் முப்பத்தெட்டுப் பேரையும் நினைக்கும்போது எனக்கு அந்தச் சிலேட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன.

திருத்தம் எழுதினால் அதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள், பெயர் கெடுவதுதான் மிச்சம் என்று வேறொருவர் விஷயத்தில் நீயே எழுதியிருந்தாய். அது எனக்கு மறக்கவில்லை. டிசம்பர் கழியட்டும் என்று எழுதத்தான் இரண்டு முறை உட்கார்ந்தேன். டிசம்பர் வரைக்கும் ராஜவேலுவுக்குப் பத்து நாளைக்கு மூன்று மாத்திரைதான்.

பிழை செய்தவன் பெயர் முகைதீன், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று நீ அனுப்பும் திருத்தத்தில் அப்படியே போடு. கையெழுத்திட்ட கடிதமும் படிவத்தின் நகலும் இத்துடன் இருக்கின்றன. உன் மேல் வர வேண்டியதில் பாதியாவது என் மேல் வரட்டும்.

அல்லாஹ் உனக்கு மனபலம் தரட்டும். அனுப்பிவிட்டு ஒரு வாரம் ஊருக்கு வா. பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பொன்னேரி பஸ் வந்து நிற்கும் இடத்தில் நான் நிற்பேன்.

உன் வாப்பா,
முகைதீன்