இறைச்சிக்குழியில் தண்ணீர்

அன்பு மகன் சுவ்லுவுக்கு அம்மா எழுதுவது. இந்த வடதுருவக் கடற்கரையில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறையொன்றும் இல்லை, நீயும் அந்த சியாட்டில் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் தங்கை மகளுக்கு முன்பல் முளைத்திருக்கிறது, யாரைப் பார்த்தாலும் கடிக்கிறாள். நல்ல சேதியை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை இனி எழுதுகிறேன்.

நம் இறைச்சிக்குழி போய்விட்டது சுவ்லு. இலையுதிர்கால வேட்டைக்கு முன்னால் குழியைத் துப்புரவாக்க வேண்டுமே, சுத்தமான குழி உள்ள வீட்டுக்குத்தானே திமிங்கிலம் தன்னைக் கொடுக்கும், அதற்காக அப்பா மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினார். எட்டிப் பார்த்தால் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறார். உன் கொள்ளுத்தாத்தா உறைந்த மண்ணில் வெட்டிய குழி, கோடையிலும் உள்ளே போனால் மூச்சு வெள்ளையாக வருமே, அதில் தண்ணீர். வசந்தத்தில் பிடித்த திமிங்கிலத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஊருக்கெல்லாம் பங்கு வைக்க எடுத்துவைத்த இறைச்சியும், தோலும் கொழுப்புமான மக்தக்கும் கூழாகி மிதந்தன. இன்றுவரை சாப்பாடு இறங்கவில்லை.

கொடுமை என்னவென்றால், கோடையிலேயே சுவர் வியர்த்ததை அவர் பார்த்திருக்கிறார். குழியைச் சரியாகச் சுத்தம் செய்யாததுதான் காரணம் என்று நினைத்து, என்னிடம்கூடச் சொல்லாமல், சுவரில் படிந்திருந்த பழைய பனியையெல்லாம் சுரண்டி எடுத்திருக்கிறார். உள்ளே குளிரைப் பிடித்துவைத்திருந்ததே அந்தப் பனிதான். அது போனதும் மண் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. குழியிலிருந்து ஏறி வந்ததும் அப்பா, யார்கிட்டயும் மூச்சு விடாத, மானம் போயிடும், வச்சுக்க எடமில்லாதவன் எந்த மூஞ்சியோட திமிங்கிலத்தக் கூப்பிடுறது, இந்தத் தடவ நான் படகை எறக்கமாட்டேன் என்றார். ஒரு வேட்டைப் படகுத் தலைவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்டு நான் ஆடிப்போய்விட்டேன். குழியை மூடி, மேலே கல்லை வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் திரிந்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுப் பனிகியோ வந்தாள், அவள் புருஷனும் படகுத் தலைவர்தானே, படகில் தண்ணீர் இறைக்க நம் பம்பு வேண்டும் என்றாள். ஓட்டை படகுலயா உன் புருஷன் மண்டையிலயாடி என்று கேலி செய்தேன், அவள் சிரிக்கவில்லை. அவள் சட்டைக் கையிலிருந்து, எத்தனை சோப்புப் போட்டும் என் கையை விட்டுப் போகாத அதே அழுகிய இறைச்சி நாற்றம். உன் வீட்டுலயுமாடி என்றேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வருஷமே வந்துடுச்சுக்கா, நாந்தான் சரியா தொடைக்கலன்னு அவரு சொன்னாரு, நானும் நம்பிட்டேன், எங்கண்ணன் வீட்டு இறைச்சிய வாங்கி எங்க குழியிலேர்ந்து எடுத்த மாதிரி பங்கு வச்சோம் என்று அழுதாள். இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். கடற்கரை வரிசையில் ஒரு குழிகூட மிச்சமில்லை. எல்லோரும் அவரவர் வீட்டு அழுக்கு என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு சுரண்டியிருக்கிறோம். திரும்பும்போது கடலைப் பார்த்தேன், செப்டம்பரில் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டி எங்குமே இல்லை, வெறும் கறுப்பு அலைதான், கரையைக் கரைத்துக்கொண்டு பனிகியோ வீட்டுப் பின்பக்கம் வரை வந்துவிட்டது.

நம் ஒரு வீட்டுத் தப்பில்லை என்று கேட்டால் மனசு லேசாகும் என்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் இன்னும் வெளுத்துவிட்டது. நம்ம தப்புன்னா திருத்திக்கலாமே, இப்ப எதப் போயித் தேய்க்கிறது என்றார். இரண்டு நாள் கழித்து இன்று காலையில் அவரே என்னிடம் வந்து, சுவ்லு அங்க அஸ்திவாரம் தோண்டுறவங்களோட வேலை பாக்குறான்ல, நம்ம ஊருல கரைய விட்டுத் தள்ளி எங்க தோண்டுனா மண்ணு உறைஞ்சே நிக்கும்னு கேட்டு எழுது, தோண்டிட்டு வேட்டைக்குப் போறேன் என்றார். கடப்பாரையைத் தீட்டி வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்.

விடுப்புக் கிடைத்தால் வா, படகு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வா. உன் கால் படும் இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும், கடவுள் உன்னைக் காக்கட்டும். அங்கே விவரம் தெரிந்தவர்களிடம் மறக்காமல் கேள். அப்படி ஓர் இடம் எங்குமே இல்லை என்று சொல்லிவிட்டால் அதை அவருக்கு எழுதாதே, எனக்கு மட்டும் எழுது.

உன் அம்மா,
அகியாக்