நாலு பேருக்கான அறை

தலத்தெரு, காரைக்கால்
ஆகஸ்ட் 22

அன்பு மருமகள் ஆரோக்கியசெல்விக்கு, அந்த வெயிலிலும் மாதா உனக்கு நிழலாக நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டு உன் அத்தை எழுதுவது.

அன்றைக்கு அந்த ஹோட்டல் மாடியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். உன் புருஷன் ஆரோக்கியஜோசப், உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில் வந்தான். இன்னும் பொத்தான் போட முடிகிறது. உன் மகள் டெல்பின். உன் மகன் ஜெரோம். நான். எங்கள் மேஜைக்கு அஷ்வின் என்று ஒரு பையன், கழுத்தில் டை கட்டி, காலில் ரப்பர் செருப்போடு. அவனுக்கு மேலே வினோதா மேடம். பக்கத்து மேஜையில் நெரவி கார்த்திகேசன் வாத்தியாரும் அவர் சம்சாரமும். இவ்வளவு பேர்தான். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாக உன்னிடம் சொன்னால், முக்கியமாக உன் சின்ன நாத்தனார் சொன்னால், நம்பாதே. அவள் அன்றைக்குக் கும்பகோணத்தில் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தால் உன் புருஷன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் அவன் ஒரு அர்த்தம் சொல்கிறான். நம் தெரு பத்ருன்னிசாவின் மகள் சித்திக்கா நாளை மறுநாள் குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் பெட்டியில் இதை வைத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் இருக்கிறது. காகிதத்தில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். வேளாங்கண்ணிக்கு நடக்கிற சனங்கள் நம் தெரு வழியாகப் போகத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் ஒரு அண்டா மோர் வைத்திருக்கிறேன். நேற்று ஒருவர் குடித்துவிட்டு உப்புக் குறைச்சல் என்றார். கால் கொப்புளத்தோடு நடக்கிற மனுஷனாயிற்றே என்று விட்டுவிட்டேன். முகம் ஞாபகம் இருக்கிறது. ஜெரோமுக்குக் கடைவாய்ப் பல் விழுந்தது. டெல்பின் உன் உயரத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள், உன் நீலச் சுடிதார் அவளுக்குச் சரியாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பீச்சில் பொருட்காட்சி போட்டபோது டெல்பின் ஒரு சீட்டில் பேரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டாள். பரிசு விழுந்திருக்கிறது, குக்கர் தருகிறோம், மலை வீடு ஒன்றைப் பற்றியும் சொல்கிறோம், புருஷனும் பெண்சாதியும் ஜோடியாக வர வேண்டும் என்று அழைத்தார்கள். பெண்சாதி குவைத்தில் நர்ஸ் என்று இவன் சொன்னதும், பரவாயில்லை, வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள் என்றார்கள். குவைத் என்று கேட்டதும் போனில் பேசிய பெண்ணின் குரலில் தேன் வடிந்ததாம்.

ஹோட்டல் வாசலிலேயே ஒரு கூத்து. ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். என் புடவையிலும் ஒன்றை ஒட்டினார்கள். டெல்பின் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள், சிரிக்கிறாள், தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். என்னடி என்றால், "அப்பாயி, நீங்க மிசஸ் ஆரோக்கியஜோசப்பாம்!" பெற்ற மகனுக்கு என்னைப் பெண்சாதி ஆக்கிவிட்டார்கள். பிய்த்து, ஸ்டிக்கர் ஒட்டிய பெண்ணின் மேஜையிலேயே ஒட்டிவிட்டு உள்ளே போனேன்.

அவர்கள் விற்பது என்னவென்றால், மலை மேலே ஒரு வீடு. ஆனால் வீடு நம்முடையது இல்லை. அதில் வருஷத்துக்கு ஒரு வாரம் நம்முடையது. மற்ற வாரங்களெல்லாம் வேறு வேறு குடும்பங்களுக்கு. மாதா திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்து உபயம் வருமே, அந்த மாதிரி. இருபத்தைந்து வருஷத்துக்கு இப்படி. மொத்தப் பணத்தையும் மாதத் தவணையில் கட்டலாம். அது போக வருஷா வருஷம் பராமரிப்பு என்று தனியாக ஒன்று. போகாத வருஷமும் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். "ஆமாங்க பாட்டிம்மா" என்றான் அஷ்வின். "நான் போவாத வூட்டக் கூட்டிப் பெருக்க நான் ஏன்டா தம்பி குடுக்கணும்?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே எனக்கு இரண்டாவது கேக் வைத்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய திரையில் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. தொண்ணூற்று நாலில் நம் பங்குக் கோயிலிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் வைத்தார்கள். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் சீட்டில் உன் பெரிய மாமியார் செல்லம்தான் உட்கார்ந்தாள், வாந்தி வரும் என்று சொல்லி. ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த கொடைக்கானல் செல்லத்தின் கொண்டைதான். அதனால் அந்தத் திரையைப் பார்த்து நானே, எந்த ஜன்னல் பக்கம் எனக்கு என்று மனசுக்குள் பிரித்துவிட்டேன்.

அங்கே இன்னொரு வழக்கம். யாராவது கையெழுத்துப் போட்டால் வினோதா மேடம் ஒரு மணியை எடுத்து ஆட்டுகிறாள். எல்லாரும் கை தட்ட வேண்டும். கார்த்திகேசன் வாத்தியார் கையெழுத்துப் போட்டார். மணி அடித்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தில் மணி கேட்டுக் கேட்டுப் பழகிய உடம்பு, நான் என்னை அறியாமல் தலை குனிந்து மார்பில் தட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஜெரோம் முழங்காலில் நிற்கிறான். என் வளர்ப்பு. உன் புருஷன் தலையைத் திருப்பிக்கொண்டான். நெரவி வாத்தியார் என்ன நினைத்தாரோ, எழுந்து நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மேஜைக்கு மேடமே வந்து உட்கார்ந்தாள். மாதத் தவணையைக் கேட்டு உன் புருஷன் கொஞ்சம் தயங்கினான். "ஒங்க மேடம் குவைத்துல இருக்கறவரைக்கும் என்னங்க கவலை? இன்னும் ரெண்டு கான்ட்ராக்ட் போட்டாங்கன்னா தவணை கழியறதே தெரியாது" என்றாள். இவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அதற்கு முந்தின ஞாயிறு மலை வீடு பற்றி இவன் போனில் சொன்னபோது நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஒங்களுக்கு ஆசன்னா வாங்குங்க, டிசம்பர்ல நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்." கறிக்கடையில் இன்னும் அரைக் கிலோ போடச் சொல்வது போலச் சொன்னாய்.

அந்தத் தைரியத்தில் இவன் பேனாவைத் திறந்துவிட்டான். அப்போதுதான் அஷ்வின் ஒரு பேச்சுக்குச் சொன்னான், அறை நாலு பேருக்குத்தான், ஐந்தாவது ஆளுக்குக் கட்டில் போட்டால் தனிக் கட்டணம் என்று. "நான் கீழ பாய் போட்டுப் படுத்துக்கறேன்" என்றேன். "பாய் அலவ்டு இல்லீங்க பாட்டிம்மா." "ஒன் மலையில பாய்க்குக்கூடவா காசு?" என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அந்த நேரத்தில் உன் மகள் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"எதுக்கு எக்ஸ்ட்ரா பெட்டு? அப்பா, நான், தம்பி, அப்பாயி. நாலுதான். அம்மாதான் வர மாட்டாங்களே."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்திருப்பேன். கோபமாகச் சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, டம்ளரில் மிச்சம் இருந்த ஐஸைத் தம்பிக்குக் கொடுத்தாள். ஜெரோமும் சரிதான் என்று தலையாட்டினான். அஷ்வின் குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினான். மேடம்தான் சிரித்தாள். "கரெக்ட்டு பாருங்க, பாப்பாவே பிரச்சினைய முடிச்சுட்டா" என்றாள்.

உன் புருஷன் பேனாவை மூடிவிட்டான். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றாள். இவன் எழுந்துவிட்டான். உடனே மாதக் கடைசி வரைக்கும் இதே விலை என்று ஆகிவிட்டது.

நான் எழவில்லை. குக்கரைக் கேட்டேன். சேர்ந்தவர்களுக்குத்தான் குக்கர் என்றாள். அப்படிச் சீட்டில் போடவில்லையே என்றேன். கால் மணி நேரம் அந்த நாற்காலியில் அசையாமல் இருந்தேன், அடுத்த குடும்பம் கீழே வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தார்கள். மாடிப்படி இறங்கித் திறந்து பார்த்தால் விசில் இல்லை. மறுபடி ஏறிப் போய் அதையும் வாங்கினேன். மூன்று லிட்டர். இன்றைக்கு அதில்தான் பருப்பு.

அன்றிலிருந்து அஷ்வின் தினமும் போன் போடுகிறான். இவன் எடுப்பதும் இல்லை, வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. ஹோட்டலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டேன். எதுக்குடா ஒனக்கு இந்த மலை வீடு என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் அவன் சொல்ல மாட்டான். "அவ லீவுல வந்தா ஒரு நாளாச்சும் உக்காந்திருக்காளாம்மா? வந்த அன்னிக்கே வெளக்கமாத்த எடுத்துடறா. சொந்தக்காரங்க பிரஷர் பாக்கணும், சுகர் பாக்கணும்னு வரிசையில நிக்கறாங்க. யாரும் வந்து கதவத் தட்டாத எடத்துல ஒரு வாரம் அவள உக்கார வச்சுப் பாக்கணும்னு நெனச்சேன்."

நல்ல எண்ணம்தான். என் வயிற்றில் பிறந்தவன் இவ்வளவு யோசிக்கிறானே என்று எனக்கே ஆச்சரியம். "அந்த ஒரு வாரத்துக்காக அவ இன்னும் எத்தினி வருஷம்டா அங்க நிக்கணும்?" என்று கேட்டேன். ஷூவின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். "வான்னு நான் எப்படிம்மா சொல்றது? நான் சொன்னா வந்துடுவா. நாளைக்கு ஏன்டா வந்தோம்னு அவளுக்குத் தோணிடுச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனான்.

அவன் சொல்ல மாட்டான். நீயும் கேட்க மாட்டாய். அவனுக்கு ஆசை என்று நீ நினைக்கிறாய், உனக்கு அங்கே பிடித்திருக்கிறது என்று அவன் நினைக்கிறான். நடுவில் மேடம் மணி அடிக்கிறாள். அதனால்தான் அஞ்சாவது படித்த நான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் பங்குனியோடு தீர்ந்தது உனக்கே தெரியும். துறைமுகத்தில் லாரி நிறுக்கிற எடைமேடையில் அவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்னொன்று, உன் புருஷனுக்குத் தெரியாது. மாதா கோயில் பக்கம் ஒரு டாக்டரம்மா புதுசாக ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார். நர்ஸ் தேவை என்று போர்டு. முட்டி வலி என்று சொல்லி உள்ளே போனேன். முட்டியைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். பிறகு உன் கதையைச் சொன்னேன். ஏழு வருஷம் வெளிநாட்டில் ஐ.சி.யூ. பார்த்தவள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குவைத் சம்பளத்தில் கால் பங்குகூட வராதும்மா என்று உண்மையையும் சொன்னார். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், பின்னால் மாமியார் மறைத்துவிட்டாள் என்று பேச்சு வரக் கூடாது. கால் பங்கில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எனக்குத் தெரியும். உன் மாமனார் அந்தோணிமுத்து அதற்கும் குறைவாகக் கொண்டுவந்து கொடுத்ததில்தான் மூன்று பேரை வளர்த்தேன். மலைக்குப் போக ஆசை வந்தால் ஒரு வேன் பிடித்து, வாடகைக்கு அறை எடுத்து, இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம். பிரஷர் பார்க்க வருகிற சொந்தக்காரர்களை நான் வாசலிலேயே பார்த்துக்கொள்கிறேன். அது எனக்கு ஒரு சந்தோஷமும்கூட.

சித்திக்காவிடம் மாங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். எடை கூடிவிட்டது என்று அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ சுகமாக இரு தாயே. வேலைக்குப் போகும்போது ஜெபமாலையைப் பையில் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. டிசம்பரில் குவைத் ஆஸ்பத்திரிக்காரர்கள் உன் முன்னால் காகிதத்தை நீட்டுவார்கள். நீ கையெழுத்துப் போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். பிள்ளைகளுக்குத் தலை வாரி அனுப்புவேன், உன் புருஷனுக்குச் சோறு கட்டுவேன், உனக்காக மெழுகுத்திரியும் ஏற்றுவேன். இதிலெல்லாம் ஒரு குறையும் வராது. அந்த மேடத்தை மன்னித்துவிட்டேன், அது அவள் பிழைப்பு. வாயைத் திறக்காத என் மகனையும் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால், என் பெட்டியை ஆணி அடித்து மூடுகிற நாள் வரைக்கும் நான் மன்னிக்கப்போவதில்லை என்று ஒரே ஒரு ஆள் இருப்பாள். அவள் பேர் ஆரோக்கியசெல்வி.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அத்தை
அ. செபஸ்தியம்மாள்