இடது இருக்கை

மார்ச் 3

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் உன்னிடமிருந்து ‘ம்’, ‘ம்ம்’ இரண்டும்தான் மாறி மாறி வரும். கடிதம் என்றால் பக்கம் பக்கமாகப் பேசுவாய். அதனால் இந்தச் செய்தியைக் கடிதத்துக்கென்றே எடுத்து வைத்தேன்.

நான் கார் வாங்கிவிட்டேன்.

குடும்பத்தோடு போகும் கார் என்று நினைத்துவிடாதே. இரண்டே இருக்கை. மேலே துணிக் கூரை, அதைப் பின்னால் மடித்துவிட்டால் வானம்தான் கூரை. பச்சை நிறம். நம் பல் டாக்டர் ஊரைவிட்டு மகனோடு இருக்கப் போகிறாராம், அவருடைய வண்டி. கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. நான் அதைப் பார்க்கப் போய்ப் போய் வந்ததை உன் அம்மா பல்வலி என்று நினைத்து, உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். இருமும், சண்டை போடும், பிரேக் போட்டால் என்னைத் திட்டும். பின்னால் யாருமே இல்லாத வண்டி ஒன்றை ஓட்டவேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்! இதில் திரும்பிப் பார்த்தால் மடித்த துணியும் ஒரு குடையும்தான் இருக்கின்றன. உட்கார்ந்தால் ரோடு இடுப்பை உரசிக்கொண்டு ஓடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம், திருப்ப நினைத்தால் போதும்.

உன் அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“என்னங்க இது, மூடி தொலைஞ்ச சோப்பு டப்பா மாதிரி?”

“ஏறிப் பாரு, அப்புறம் பேசு.”

“இதுல ஏறணும்னா படுக்கணும். படுத்தப்புறம் என்னைத் தூக்கி விடறது யாரு? நீங்களும் உங்க டப்பாவும்!”

ஏறமாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். போகட்டும். நீ லீவுக்கு வா. இடது இருக்கை உன்னுடையது. மலைப்பாதையில் போகும்போது நீ எவ்வளவு கத்தினாலும் காற்று கொண்டுபோய்விடும், ஒருத்தருக்கும் கேட்காது. கூச்சப்படாமல் கத்தலாம்.

ஆசிகளுடன்,
அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்தது தப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீர் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜை அக்கா, “அட, உனக்குப் பல்லெல்லாம் இருக்கா?” என்று கேட்டார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை பழகிவிட்டது. என் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். படித்து முடித்த பிறகும் நம் வீட்டில் எல்லோரும் சக்கரத்தின் மேல்தான் பிழைக்கிறோம்.

என்னை விபத்துப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். காப்பீடு கேட்பவர்கள் நடந்ததை எழுதி அனுப்புவார்கள். நான் படித்து, காரின் படம் ஒன்றில் அடிபட்ட இடத்தைக் குறிக்கவேண்டும். எல்லோரும் ‘திடீரென்று’ என்று எழுதுகிறார்கள் அப்பா. மாடு திடீரென்று வந்தது, சுவர் திடீரென்று வந்தது. ஒருவருக்குப் புளியமரமே திடீரென்று வந்திருக்கிறது. அக்கா சொல்கிறார்: “திடீர்னு ஒண்ணும் வராதுடி. அது பாட்டுக்கு வந்துட்டுதான் இருந்திருக்கும். இவங்க பார்த்திருக்க மாட்டாங்க.”

நீங்கள் ஓட்டினால் எனக்கு என்ன பயம்? ஆனாலும் கூரையில்லாத வண்டி. மெதுவாகப் போங்கள். அம்மாவை எப்படியாவது ஏற்றிவிடுங்கள், பாவம், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
வாயாடி

ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

உன் அம்மா ஏறிவிட்டாள்! இப்போது இறங்கச் சொன்னாலும் இறங்குவதில்லை. நான் தெருமுனைக்கு பிளேடு வாங்கப் புறப்பட்டாலும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். எதிர் வீட்டுத் தையல்காரர், “என்ன, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி ஊர்கோலம் ஜாஸ்தியா இருக்கு?” என்று கேலி செய்கிறார்.

ஆனால் அவள் வாய் ஓய்வதில்லை. பறவையைப் பார், மேகத்தைப் பார் என்றால் பரவாயில்லை. “சைக்கிள் வருது. ஒரு அம்மா நிக்கிறாங்க. நாய் படுத்திருக்கு, கொஞ்சம் ஒதுங்குங்க. ம், இப்போ போகலாம்.” அசல் என் பழைய கண்டக்டர்தான். அவனும் இடப்பக்கப் படியில் தொங்கிக்கொண்டு இப்படித்தான் சொல்லிக்கொண்டே வருவான். அவன் குரலைக் கேட்டே பஸ்ஸை ஒடித்து எடுப்பேன். “நீ ஒரு விசில் வாங்கிக்கோ” என்றேன். “வாங்கிக் குடுங்க, ஊதறேன்” என்கிறாள்.

வண்டிக்குத்தான் கொஞ்சம் கண் பட்டுவிட்டது. நம் வாசல் தூணில் உரசி ஒரு கோடு. மார்க்கெட் முனையில் ஒரு தள்ளுவண்டி திடீரென்று குறுக்கே வந்து பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. பள்ளிக்கூடத் தெருவில் ஒரு பெண் பிள்ளை சைக்கிளோடு திடீரென்று வந்து, பயந்து குதித்துவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நானே வீடு வரை கொண்டுபோய் விட்டேன். அவளுடைய அப்பா என் பஸ்ஸில் காலேஜுக்குப் போனவராம், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு மறுநாள்தான் உன் அம்மாவுக்கு வண்டி மேல் ஆசை பிறந்தது. பெண்களின் மனசு யாருக்குத் தெரியும்!

அப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

ஆபீசில் செய்வதைப் போல ஒரு காரின் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை. வாசல் தூண்: நீங்கள் வண்டியை வெளியே எடுக்கும்போது அது இடப்பக்கம் வரும். கண்ணாடி எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. சைக்கிள் எந்தப் பக்கம் என்றும் எழுதவில்லை. நானே இடப்பக்கம் குறித்தேன். தவறாக இருந்தால் திருத்தி எழுதுங்கள். தவறாக இருந்தால் நன்றாக இருக்கும்.

அம்மா சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் எந்தப் பக்கத்துச் சங்கதி என்று ஒரு நாள் கவனியுங்கள், அப்பா. அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் அது.

ஒரே ஒரு முறை கண் டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள். லீவுக்கு நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
வாயாடி

ஏப்ரல் 27

மகளுக்கு,

கண் டாக்டரா? கடைசி வருஷம்கூட வேலையில் கண் பரிசோதனை வைத்தார்கள். சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரி வரை வாசித்தேன். கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் வாசித்துக் காட்டினேன்.

உன்னைப் படிக்க வைத்தது ஊரார் வண்டியில் கோளாறு கண்டுபிடிக்க என்று நினைத்தேன். பெற்றவன் மேலேயே படம் போட்டு அனுப்புவாய் என்று தெரியாது. நீ பிறந்து வீட்டுக்கு வந்ததே நான் ஓட்டிய பஸ்ஸில்தான். அன்றைக்கு யாரும் படம் வரையவில்லை.

ஆமாம், கண்ணாடி இடதுதான். சைக்கிளும் இடதுதான். ரோட்டில் இடப்பக்கம்தான் கூட்டம் இருக்கும், அதற்கு நான் என்ன செய்ய?

மே 20 உனக்கு லீவு ஆரம்பம் என்று போனில் சொல்லியிருந்தாய். அன்று காலை நானே வருகிறேன். நெடுஞ்சாலையில் வந்து உன் விடுதி வாசலில் நிறுத்துகிறேன். உன் அம்மா வீட்டில் இருப்பாள். திரும்பும்போது நீ உட்கார இடம் வேண்டுமே. அவள் துணையில்லாமல் தனியாக வந்து காட்டுகிறேன். அப்புறம் பேசலாம்.

அப்பா

மே 5

அன்புள்ள அப்பாவுக்கு,

வராதீர்கள்.

இதை எழுதக் கை வரவில்லை. நேரில் என்றால் ‘ம்’ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். இங்கே கடிதம்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அட்டை உங்களுக்கு எதிரே மாட்டியிருந்தது. அதை வாசித்தீர்கள். பக்கவாட்டில் என்ன நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் இடப்பக்கத்துக்கு உங்களுக்குக் கண்டக்டர் இருந்தார். இப்போது அம்மா இருக்கிறார். நடுவில் அம்மா ஏறாத அந்தச் சில வாரங்களில்தான் தூணும், கண்ணாடியும், அந்தப் பெண்ணின் முழங்காலும். அம்மா ஏறிய பிறகு ஒரு கீறலும் இல்லை. எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நெடுஞ்சாலையில் அந்த இருக்கை காலியாக இருக்கும், அப்பா. கிளைச்சாலைகள் எல்லாம் இடப்பக்கம்தான் வந்து சேர்கின்றன. ‘திடீரென்று’ என்று யாரோ எழுதி அனுப்பும் கடிதத்தை என் மேஜையில் நான் பிரிக்கவேண்டியிருக்கும்.

ஒன்று செய்யுங்கள். வண்டி நிற்கட்டும், கூரையை மடித்துவிட்டு உட்காருங்கள். எதிர்ச் சுவரிலுள்ள விளக்கை மட்டும் பாருங்கள், தலையைத் திருப்பாதீர்கள். அம்மா பின்னாலிருந்து இடப்பக்கமாக நடந்து வரட்டும். எப்போது தெரிகிறாரோ அப்போது சொல்லுங்கள். அம்மா பேசக்கூடாது. அதுதான் கஷ்டம், தெரியும். செருப்பையும் கழற்றச் சொல்லுங்கள்.

இதைச் செய்யாமல் நீங்கள் இங்கே வந்தால் நான் ஏறமாட்டேன். உங்கள் ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்ப வைக்காதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. பேசாமல் இருப்பதற்கு நீங்கள் இருக்கவேண்டும்.

வாயாடி

மே 21

அப்பா,

நேற்று காலையிலிருந்து விடுதி வாசலில் நின்றேன். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார், உட்காரத் தோன்றவில்லை. பச்சையாக எது வந்தாலும் படியில் இறங்கிப் பார்த்தேன்.

வீட்டில் போனை எடுக்கவில்லை. தையல்காரர் மாமாவைக் கூப்பிட்டேன். “உங்க வண்டிக் கொட்டகை காலியா கிடக்கேம்மா, வீடும் பூட்டியிருக்கு, உன்னைக் கூப்பிடத்தான் போயிருக்காங்கன்னு நினைச்சேன்” என்றார். நீங்கள் கிளம்பினீர்களா? அம்மாவும் இல்லையென்றால் அம்மாவும் உங்களோடு வந்தாரா? நெடுஞ்சாலை ஆஸ்பத்திரிகளின் எண்கள் எங்கள் ஆபீசில் இருக்கும். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த உறையைக் கிழித்துவிட்டேன். அதனால் கோபமென்றால் கோபம் வேண்டாம். இந்தக் கடிதத்தை யார் பிரித்தாலும் உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

வாயாடி

மே 23

என் அன்பு வாயாடிக்கு,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டு உன் அம்மா அழுதுவிட்டாள். நீ அவ்வளவு சத்தமாகப் பேசுவாய் என்று எங்களுக்குத் தெரியாது. நீ எங்களை வைது முடிப்பதற்குள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம் என்று உனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும். மற்றதை எழுதத்தான் வேண்டும். போனில் எனக்கும் ‘ம்’தான் வந்தது.

கடைசி நாள் வரை உன் சோதனையைச் செய்யவில்லை. உன்னை அழைக்கக் கிளம்பவேண்டிய காலையில் கூரையை மடித்து, சாவியைப் போட்டு, உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா உன் கடிதத்தோடு வந்து நின்றாள். “பொண்ணு கேட்டதைச் செஞ்சிட்டுப் போங்க” என்றாள். செருப்பைக் கழற்றினாள்.

விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வரவில்லை. குக்கரை இறக்கப் போய்விட்டாளோ என்று எரிச்சல் வந்தது. “என்ன, இன்னும் கிளம்பலையா?” என்று கத்தினேன்.

“நான் இங்கதாங்க நிக்கிறேன்” என்றாள். காதுக்குப் பக்கத்தில். அவள் கை என் பக்கத்து இருக்கையின் முதுகின் மேல் இருந்தது.

சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா வண்டியை நிறுத்திடுவீங்க. நிறுத்தினா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ரோட்டையே பார்த்துட்டு இருப்பீங்க. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை” என்றாள். அந்தப் பெண் பிள்ளையின் முழங்காலைப் பற்றி இருவரும் பேசவில்லை. நேற்று ஊர் திரும்பியதும், சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நடந்துதான்.

அன்றைக்கே பஸ் பிடித்து வெளியூர்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் பார்த்தார். இடது கண்ணில் ஓரப்பார்வை போய் நாளாகிவிட்டதாம். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்கிறார். அங்கேயே இரண்டு நாளும் போனது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் புத்தி.

வண்டி எங்கே என்று கேட்டாய். வீட்டில் இருந்தால் எனக்குக் கை அரிக்கும் என்று அன்றைக்கே உன் அம்மா அதை டிரைவிங் ஸ்கூல்காரர் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். கூடவே அவளும் ஓட்டக் கற்றுக்கொள்ள அங்கே சேர்ந்துவிட்டாள். நம்ப மாட்டாய். இன்று காலை ஸ்கூல் மைதானத்தில் நம் சோப்பு டப்பாவையே ஓட்டினாள். ஸ்கூல்காரர் ஓரமாக நின்று, “அம்மா, கிளட்ச், கிளட்ச்!” என்று கூடவே ஓடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இடப்பக்கம் என்ன வருகிறது என்று சொல்லப் பார்த்தேன். “நீங்க சும்மா வாங்க, உங்களை நம்பினா சுவத்துலதான் போய் நிக்கணும்” என்று அவளே கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். தலையில் அதே துணி. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள்.

இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் என் வலப்பக்கம் வருகிறாள். முழுசாகத் தெரிகிறாள்.

நீ கிளம்பி வா. வண்டியில் உனக்கு இடமில்லை, பஸ்ஸிலேயே வா. ஜன்னலோரமாக உட்கார். டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதே. இறங்கும்போது மட்டும் அவருக்கு ஒரு வணக்கம் சொல், சத்தமாக.

இப்படிக்கு,
இடது இருக்கையிலிருந்து
உன் அப்பா