திறக்காத டப்பாவும் குதிரைக் கதையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

கம்பெனி பஸ்ஸில் நான் விஞ்ஞானக் கதை ஆரம்பித்தாலே எல்லோரும் இயர்போன் மாட்டிக்கொள்வார்கள் என்று சொன்னேனே, நேற்று அப்படியே மாறிவிட்டது. சோற்றைச் சூடாக மூடிவிட்டேன் போல, மதியம் டப்பா மூடி வரவே இல்லை. ஆளாளுக்கு இழுத்தார்கள். சான்ஸை விடுவேனா? அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஒருவர் இரண்டு செம்புக் கிண்ணங்களைச் சேர்த்து, உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்ட கதையைச் சொன்னேன். குதிரைகள் ஜெயித்தனவா என்பதையும், சுடுதண்ணீரில் வைத்தால் மூடி திறந்துவிடும் என்பதையும் கடைசிக்கு வைத்திருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சூப்பர்வைசர் சுப்பராயலு அண்ணன் நான் வேலை பார்க்கும் லைனுக்கே வந்துவிட்டார்.

"டேய், குதிரை இழுத்துச்சா இல்லியா?"

"டீ டைம்ல சொல்றேண்ணா."

"சோறு துன்னாம சஸ்பென்ஸ் வெச்சிக்கினு கீறான் பாரு."

டீ நேரத்தில், வெளிக்காற்று அழுத்திப் பிடித்ததில் குதிரைகள் தோற்றதைச் சொல்லி, டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்தேன். மூடி கழன்றதும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஒரு வாய் போக மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டேன், கவலைப்படாதே.

இதைக் கொண்டுவரும் ரஞ்சித்திடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. மண்ணூர் ரூமில் மற்ற மூன்று பேருக்கும் வேறு ஷிப்ட், நான் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதே. "அப்புறம் என்னடா ஆச்சு" என்று ஒரு தடவை கேள்.

பஸ் வந்துவிட்டது அம்மா.

பிரசன்னா