வரைபடத்தில் நகர்ந்த புள்ளி

சன்னிவேல்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாதவ் அவர்களுக்கு,

உங்கள் மனைவி கண்மணி எழுதுவது. நான் நலம். டெக்சாஸ் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். தபாலில் கடிதமா என்று திகைக்க வேண்டாம். நான் செய்யும் காரியங்களில் உங்கள் ஃபோனுக்குச் சத்தம் காட்டாமல் நடப்பது இது ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். இன்னும் சில உண்டு. அவற்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வந்து, வீட்டைக் காலி செய்து, என்னை ஆஸ்டினுக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே பார்த்திருக்கும் வீட்டிலிருந்து பால் வாங்கக்கூட ஃப்ரீவே ஏற வேண்டுமாம். வாடகைக் காரும் அவ்வளவு தூரம் வராதாம். இதை ஒரு குறையாக நீங்கள் சொல்லவில்லை. 'அங்க வந்துட்டா உனக்கு இந்த அலைச்சலே இருக்காது' என்று ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். நன்றி.

அலைச்சல் என்றதும் கார்டு ஞாபகம் வருகிறது. ஜனவரியில் இருந்த ஒரே காரையும் ஓட்டிக்கொண்டு டெக்சாஸ் போனபோது, என் டாக்சி ஆப்பில் உங்கள் கிரிப்டோ காயினிலிருந்து பணம் கட்டும் கார்டை இணைத்துவிட்டுப் போனீர்கள். கிளம்பும் முன்பு உங்கள் நண்பர் ஜெயபிரகாஷ் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பந்தி முழுக்கக் கேட்கும்படி, 'என் ஒய்ஃப் காயின்லதான் ரைடு போவா, டாலரெல்லாம் ஓல்டு ஸ்டைல்' என்றீர்கள். நான் ஒவ்வொரு முறை காரிலிருந்து இறங்கும்போதும் உங்கள் காயினில் ஒரு துளி தானாகவே விற்கப்பட்டு டிரைவருக்குக் கூலியாகப் போகும். அது ஃபேமிலி அக்கவுண்ட். குடும்பத் தலைவர் நீங்கள். எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பது உங்கள் ஃபோனில் வரைபடமாக ஓடும். சின்னப் புள்ளி ஒன்று நகரும். அதுதான் உங்கள் மனைவி.

அதற்கும் முன்பு ஒருநாள், டிரைவிங் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டேன். 'காயினை வித்து உனக்கு டிரைவிங் க்ளாஸா? சாகிற வரைக்கும் அதைத் தொடமாட்டேன். தவிர, உனக்கெல்லாம் ஃப்ரீவே சரிப்படாது' என்றீர்கள். அங்கேயே வாதாடியிருந்தால் அந்த ஆசை அன்றோடு போயிருக்கும்.

மார்ச்சிலிருந்து என் பயணங்கள் கூடிப்போனதை நீங்கள் கவனித்தீர்கள். 'ஃப்ரீமான்ட்ல உனக்கு என்ன வேலை? ரெண்டு மணி நேரமா அந்த வீட்டுல யாரு?' என்று கேட்டீர்கள். தெரிந்தவர்கள் என்றேன். 'அவன் பேரு என்ன?' என்று கேட்டீர்கள். வரதராஜா என்றேன். நான் உங்களிடம் பொய் சொன்னதே இல்லை.

வரதராஜா அங்கிளுக்கு எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக்காரர், நம் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். ஃப்ரீமான்டில் அவருடைய கேரம் கூட்டாளி வீடு இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு அவரும் அவர் மனைவி தவமலர் ஆன்ட்டியும் ஜன்னல் வழியாகப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. நானும் என் ஜன்னலிலிருந்து அதே பார்க்கிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் பழக்கம்.

என் ஆப்பில் கார் பிடித்து அவர்களை ஏற்றிவிட்டு நான் இங்கேயே நின்றுவிடுவேன். திரும்பி வரவும் என் ஃபோனிலிருந்தே கார் பிடித்துக் கொடுப்பேன். முதல்நாள் டிரைவர், 'கண்மணி?' என்று கேட்டிருக்கிறார். அங்கிள் தன் வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். 'ஓம் பிள்ளை, நான்தான் கண்மணி எண்டு சொன்னனான். அவன் ஒருக்கா பாத்திட்டு கதவைத் திறந்திட்டான்' என்று வந்து சொன்னார். ஆக, இத்தனை நாளாய் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் புள்ளிக்கு இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது.

சந்தேகம் தாங்காமல் அந்த வீட்டு வாசலுக்கு ஜெயபிரகாஷை அனுப்பினீர்கள். எதிர்ப்பக்கம் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, 'ஆர் தம்பி, வெயிலுக்கை நிக்கிறீர்?' என்று தவமலர் ஆன்ட்டிதான் உள்ளே கூப்பிட்டார். யாரையும் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னாராமே. அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட வாயால் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த நேரங்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டியின் பழைய காரில், ஸ்டீயரிங்கின் முன்னால் இருந்தேன். 'எதுக்குடி கழுத்தை நெரிக்கிற மாதிரி புடிக்கிற? அது ஸ்டீயரிங், உன் புருஷன் இல்ல' என்றார். அதன்பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தது. மில்பிடாஸில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு இன்டர்வியூ போன அன்று, வரைபடத்தில் நான் லிவர்மோர் கோயிலில் இருந்தேன். 'இப்பவாச்சும் சாமி கும்பிடணும்னு தோணுச்சே' என்று பாராட்டினீர்கள். கும்பிட்டது தவமலர் ஆன்ட்டி. பலன் எனக்குக் கிடைத்தது.

ஆப்பிலிருந்து கார்டை நீங்கள் எந்த நாளும் எடுத்திருக்கலாம். எடுத்துவிடுவீர்களோ என்று ஜலஜா ஆன்ட்டி தினமும் பயந்தார். மாட்டார் என்றேன். கார்டு போனால் ஃபேமிலி அக்கவுண்டில் ரைடு கிடையாது. ரைடு இல்லாவிட்டால் வரைபடம் இல்லை. சாகிற வரைக்கும் தொடமாட்டேன் என்ற காயினைத் துளித்துளியாகக் கரையவிட்டு, நான் எங்கே போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து காயினுக்கும் எனக்கும் நடந்த போட்டியில் நான் ஜெயித்தது இந்த ஒரு முறைதான். அதுவும் உங்கள் சந்தேகத்தால் ஜெயித்தேன் என்பது கொஞ்சம் வருத்தம்.

இன்னொன்று. அங்கிள் கொழும்பில் கணக்காளராக இருந்தவர். இந்த நாட்டில் காயினைக் கொடுத்துக் காரில் போனால் ஒவ்வொரு பயணமும் தனித்தனி விற்பனையாம். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலை, விற்ற விலை எல்லாம் வரிப் படிவத்தில் காட்ட வேண்டுமாம். அதைக் கேட்டபின் தவமலர் ஆன்ட்டியின் நடைப்பயிற்சியையும் காரிலேயே வைத்துக்கொண்டோம். இந்தத் தெருமுனை வரை ஒன்று, அங்கிருந்து அடுத்த தெருமுனை வரை ஒன்று. வரிக்கணக்கு காட்டும் அடுத்த ஏப்ரல் மாதம் உங்களுக்குப் பொழுது நன்றாகப் போகும். ஒவ்வொரு வரியிலும் என்னை நினைத்துக்கொள்வீர்கள் என்பது எனக்கு ஒரு நிறைவு.

நேற்று லைசன்ஸ் தேர்வில் பாஸாகிவிட்டேன். திங்கட்கிழமை மில்பிடாஸில் வேலைக்குச் சேர்கிறேன். ஜலஜா ஆன்ட்டி தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். உங்கள் சாமான்களை மட்டும் பெட்டியில் கட்டி, பெயர் எழுதி, கதவோரம் வைத்திருக்கிறேன். ஆஸ்டின் வீட்டுக்கு நான் வரவில்லை.

சனிக்கிழமை சான் ஹோசே விமான நிலையத்துக்கு ஜலஜா ஆன்ட்டியின் காரோடு நானே வருகிறேன். உங்களை ஜெயபிரகாஷ் வீட்டில் இறக்கிவிடுகிறேன். ஃப்ரீவேயில்தான் போவேன். தயவுசெய்து பின்சீட்டில் உட்காருங்கள். முன்சீட்டில் இருந்தால் எதையாவது சொல்லிக்கொண்டே வருவீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கார்டை எடுத்துவிடாதீர்கள். தவமலர் ஆன்ட்டிக்கு வெள்ளிக்கிழமை கோயில் இருக்கிறது, அங்கிளுக்குக் கண் டாக்டர் இருக்கிறார். புள்ளி வழக்கம்போல நகரும், நீங்களும் வழக்கம்போலப் பார்க்கலாம்.

உங்கள் காயின் மென்மேலும் ஏறட்டும். அது ஏற ஏற, அவர்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போய் வருவார்கள்.

இப்படிக்கு,
கண்மணி